டைனோ ஷீட்டில் 180 ஹெச்பி: அந்த நம்பரை எவ்வளவு நம்பலாம்?

"ஸ்டாக்ல 150, ரீமேப்புக்கு அப்புறம் 180 மச்சி." இப்படி ஒரு வரியும், கூடவே ஏறி இறங்கும் இரண்டு கோடுகள் கொண்ட டைனோ ஷீட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அடிக்கடி கண்ணில் படும். இதைப் பார்த்துவிட்டுத்தான் தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் முதல் கார் வாங்கிய பல இளைஞர்கள், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், இசியு ரீமேப் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்யக் கிளம்புகிறார்கள். ஆனால் அந்த ஷீட் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை.

டைனோ எதை அளக்கிறது?

காரை உருளைகள் மீது ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி, முன்னால் பெரிய ஃபேன் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிப்பார்கள். ஒரு வகை டைனோவில், எடை தெரிந்த உருளையைச் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்க வைக்கிறது என்று பார்ப்பார்கள். இன்னொரு வகையில், உருளைக்கு பிரேக் போல எதிர்ப்பு கொடுத்து, அதை மீறிச் சுழற்ற எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்பார்கள்.

இரண்டிலுமே இயந்திரம் ஹெச்பியை நேரடியாக அளப்பதில்லை. கிடைப்பது முறுக்குவிசை, அதாவது டார்க், கூடவே சுழற்சி வேகம். இரண்டையும் பெருக்கினால் திறன் வரும். டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 7,024ஆல் வகுத்தால் பிஎஸ் கணக்கு. உதாரணமாக, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடியின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜினுக்கு நிறுவனம் சொல்வது 150 பிஎஸ். 5,000 ஆர்பிஎம்மில் அது வர வேண்டும் என்றால், அங்கே சுமார் 211 நியூட்டன் மீட்டர் டார்க் இருக்க வேண்டும்.

திருச்சிக்கு இந்த வேலை புதிதல்ல. பொன்மலை போன்ற டீசல் லோகோ ஷெட்களில், இன்ஜின் உருவாக்கும் மின்சாரத்தை 'லோட் பாக்ஸ்' என்ற மின்தடைக்குள் செலுத்தி, லோகோ தன் முழுத் திறனைத் தருகிறதா என்று சோதிப்பார்கள். எதிர்ப்பு கொடு, எவ்வளவு தாங்குகிறது என்று பார் என்ற அதே தத்துவம்தான்.

150 எப்படி 130 ஆகிறது?

நிறுவனம் சொல்வது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் கிடைக்கும் திறன். உருளை அளப்பது சக்கரத்தில் வந்து சேரும் திறன். நடுவில் கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் 150 பிஎஸ் கார் சக்கரத்தில் 130 காட்டினால் பதற வேண்டியதில்லை.

ஏமாற்றத்துக்கு வழி இங்கேதான் திறக்கிறது. சக்கரத்தில் வந்த 130ஐ இன்ஜின் கணக்குக்கு மாற்ற, ஒரு இழப்பு சதவீதத்தை ஊகிக்கிறார்கள். 15 சதவீதம் என்று வைத்தால் 153 வரும். 20 என்று வைத்தால் 162க்கு மேல் போகும். காரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் 9 ஹெச்பி ஏறிவிட்டது!

அடுத்தது வெயில். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, ஆக்ஸிஜனும் குறைவு. அதனால் அளந்த எண்ணை ஒரு பொதுவான வானிலைக்குத் திருத்துவார்கள். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டது. திருச்சியின் 40 டிகிரி மே மாத மதியத்தில், வெப்பநிலைக்கான திருத்தம் மட்டுமே சுமார் 3 சதவீதம். 'எஸ்டிடி' என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், அதே ஓட்டத்துக்கு எஸ்ஏஇயைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டர்போ கார்களில் பூஸ்டை இசியுவே சரிசெய்துகொள்வதால், இந்தத் திருத்தம் சில நேரம் தேவைக்கு மேல் போய்விடும்.

கம்பெனிகளுக்கும் பாடம்

டைனோவால் பயனே இல்லை என்பதல்ல வாதம். 1999இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 ஹெச்பி என்று விளம்பரம் செய்யப்பட்டது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றியபோது கணக்கு உதைத்தது. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்துப் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. 2001 மஸ்டா மியாட்டா அமெரிக்காவில் 155 என்று அறிவிக்கப்பட்டு, பிறகு 142 என்று திருத்தப்பட்டது. வேண்டாம் என்பவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மஸ்டா முன்வந்தது. ஒழுங்காக அளந்தால், வாடிக்கையாளர் கையில் டைனோ ஒரு ஆயுதம்.

என்ன கேட்க வேண்டும்?

மாற்றத்துக்கு முன் ஒரு ஓட்டம், பின் ஒரு ஓட்டம். இரண்டும் ஒரே டைனோவில், முடிந்தால் ஒரே நாளில், ஒரே கியரில், ஒரே பெட்ரோலில் நடக்க வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று முறை. திருத்தம் செய்யாத சக்கர எண், திருத்த முறையின் பெயர், அறை வெப்பநிலை மூன்றும் ஷீட்டில் இருக்க வேண்டும். 'பிஃபோர்' ஓட்டமே இல்லாமல் நிறுவனத்தின் 150ஐ எடுத்து ஒப்பிடும் ஷீட், அளவீடு அல்ல, விளம்பரம்.

டர்போ இல்லாத காரில் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் தருவது பெரும்பாலும் சொற்ப ஹெச்பிதான். அளவீட்டின் ஏற்ற இறக்கத்திலேயே அது காணாமல் போய்விடலாம். டர்போ காரில் ரீமேப் நிஜமாகவே கூட்டும். ஆனால் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியது அதே கிளட்ச், அதே கியர்பாக்ஸ். வாரண்டி போகலாம், இன்ஷூரன்ஸ் க்ளைமில் கேள்வி வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எனவே ட்யூனிங் கடைகள் செய்ய வேண்டியது ஒன்றே: எண்ணோடு அளந்த விதத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இது காவிரிக் கரைக்குப் பழக்கப்பட்ட ஒழுங்குதான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நெல் கணக்கு எழுதியவர்கள், எத்தனை மரக்கால் என்பதோடு நிற்கவில்லை; எந்த மரக்கால் என்பதையும் 'ஆடவல்லான்' என்று பெயர் சொல்லிக் குறித்தார்கள். ஆயிரம் வருடம் கழித்து, காசு கொடுத்து வாங்கும் ஒரு டைனோ ஷீட்டில் அதே கேள்வியைக் கேட்பதில் தப்பே இல்லை: "சரி ப்ரோ, 180. எந்த மரக்கால்ல அளந்தீங்க?"