பழுது பார்க்க முடிந்ததே நல்ல காலணி

உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்முகத் தேர்வுகள் தொடங்கும் பருவத்தில், டெல்லியில் பயிலும் ஆய்வு மாணவர்களிடையே காலணியும் ஒரு பேசுபொருளாகிவிடுகிறது. எந்தக் கடை, கறுப்பா பழுப்பா, என்ன விலை என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஜே.ஆர்.எஃப். பெறாத ஆய்வாளருக்கு நடுவண் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். அதில் ஒரு பெரும் பங்கைக் கொடுத்து வாங்கும் பொருளிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு: இதன் அடிப்பாகம் தேய்ந்தால் மாற்ற முடியுமா?

தோல் காலணியில் முதலில் தேய்வது அடிப்பாகமே. மேல்தோல் நல்லதாக இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே இரண்டும் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பதே காலணியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. குறைந்த விலைக் காலணிகளில் பெரும்பாலானவை பசையால் ஒட்டப்பட்டவை. அவற்றுள் பலவற்றின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து அது நாளடைவில் சிதையும். அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உதிரும். மூன்றாண்டுகளுக்குப் பிறகு வரும் அடுத்த நேர்முகத் தேர்வுக்கென்று அதைப் பத்திரப்படுத்துவதில் பொருளில்லை.

வெல்ட் எனப்படும் தோற்பட்டையை இடையில் வைத்துத் தைத்த காலணியில், பழைய அடிப்பாகத்தைப் பிரித்தெடுத்துப் புதியதைத் தைக்கலாம். மேல்தோலுக்குச் சேதம் வராது. வாங்கும்போது விளிம்பை நகத்தால் நெருடிப் பாருங்கள். தையல்போல வார்க்கப்பட்ட வெறும் அலங்காரமும் சந்தையில் உண்டு. தைத்த காலணி வாங்க வசதியில்லையெனில், ஒட்டப்பட்டதிலேயே ரப்பர் அடிப்பாகமும் தனியே கழற்றக்கூடிய குதிகாலும் உடையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது தோல். ‘ஜெனுயின் லெதர்’ என்னும் முத்திரையைத் தரச்சான்றாகக் கொள்வது பிழை. ‘இது தோல்’ என்பதற்கு மேல் அச்சொற்றொடர் எதையும் உறுதி செய்வதில்லை. மேற்பரப்பு சுரண்டப்படாத முழுத்தோலும், அடியடுக்கைப் பிளந்தெடுத்து மேலே பூச்சிட்ட தோலும் ஒரே முத்திரையின்கீழ் விற்கப்படலாம். காலணியை மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல தோலில் நுண்ணிய மடிப்புகள் தோன்றி, விட்டவுடன் பெரும்பாலும் மறையும். பூச்சு கனத்த தோலில் நெகிழித்தாளைப்போல் பெரிய, கூரிய மடிப்புகள் விழும். பின்னாளில் அந்த இடங்களிலேயே வெடிக்கும்.

மூன்றாவது அளவு. நம் கடைகளில் வழங்கும் பிரித்தானிய அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையேயான வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாற்கோதுமை மணியின் நீளத்தைக் கொண்டு வகுத்த பழைய ஆங்கில அளவு அது. அகலத்துக்கென்று தனிக் குறியீடு அங்கே உண்டு. இங்கோ எண் மட்டும் வந்து சேர்ந்தது. அகலம் பெரும்பாலும் வரவில்லை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் பாதங்களை அளந்து, இந்தியப் பாதங்கள் ஐரோப்பியரின் பாதங்களைவிட அகலமானவை என்று கண்டது. அதன் அடிப்படையில் ‘ப⁴’ என்னும் பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. அது பரவலாகும்வரை, அகலம் போதாமையால் நீளத்தைக் கூட்டி வாங்குவதே நம் வழக்கமாக இருக்கும். அதனால் பாதம் வளையும் இடமும் காலணி வளையும் இடமும் பொருந்தாமற் போகின்றன, குதிகால் உரசுகிறது, தோல் தவறான இடத்தில் மடிகிறது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், அன்றாடம் அணியும் காலுறையோடு, இரு கால்களிலும் போட்டு நடந்து பார்த்து, அகலமான வார்ப்பைத் தேடி வாங்குவதே சரி.

பராமரிப்புக்குச் செலவு குறைவு. ஒரே காலணியைத் தொடர்ந்து இரு நாள்கள் அணியாதிருப்பது நல்லது. வியர்வை உலர ஒருநாளேனும் ஆகும். கழற்றியதும் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் ஈரம் உறிஞ்சப்படும், வடிவும் குலையாது. மழையில் நனைந்ததை வெயிலிலோ, டெல்லிக் குளிருக்கு வாங்கிய ஹீட்டரின் அருகிலோ வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். முதலில் தூரிகையால் தூசியை நீக்கி, பிறகு தோலுக்கு எண்ணெய்ப்பசை தரும் கிரீமைத் தடவி, இறுதியில் வேண்டுமானால் மெழுகுப் பாலிஷ் இடலாம். உடனடிப் பளபளப்புத் தரும் திரவப் பாலிஷை வழக்கமாகக் கொண்டால், மேலே படலம் படிந்து நாளடைவில் அதுவே வெடிக்கும். நெகிழிப்பையில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு நாள் தையல் விடும், குதிகால் தேயும். அப்போது பழுது பார்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். நல்ல காலணி என்னும் கருத்து முழுவதும் அவரை நம்பியே நிற்கிறது. ஆனால் அவரைக் குறிக்க நம் மொழிகளில் சாதிச் சுமையற்ற பெயர்ச்சொல்லைத் தேடவேண்டியிருக்கிறது. தோல் தொழிலோடு தொடர்புடைய பெயர்களுட் பல தமிழிலும் இந்தியிலும் சாதிப்பெயர்களாகவும், அதனாலேயே வசைகளாகவும் வழங்குகின்றன. ‘செருப்புத் தைப்பவர்’ என்று வினையாலணையும் பெயரை நாடுவது அந்தச் சுமையைத் தவிர்க்கத்தான். சங்க இலக்கியத்தில் ‘தொடுதோல்’ என்று இயல்பாக வழங்கிய பொருளின் இன்றைய பெயரே ஒருவரை இழிவுபடுத்தும் கருவியாகிவிட்டது. ஆக்ராவின் காலணித் தொழிலில் வேரூன்றிய ஜாதவ் சமூகத்தைப் பற்றி ஓவன் லிஞ்ச் 1969இல் வெளியிட்ட நூலை நாம் வகுப்பறையில் விவாதிக்கிறோம். ஆனால் தோலின் இயல்பையும் நூலின் இழுவிசையையும் தொட்டே அறியும் அறிவை அறிவென்று எண்ணும் பழக்கம் வகுப்பறைக்கு வெளியே நமக்கு வரவில்லை.

‘தோல் காலணியே காலனியக் கால உடைவழக்கு, அறிஞருக்கு அது எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். காலணியை வைத்து ஒருவரது தகுதியை எடைபோடும் தேர்வுக்குழு இருக்குமானால், குறை அந்தக் குழுவினுடையது. செருப்பணிந்து செல்ல விரும்புவோர் செல்லட்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர்ச் செருப்புக்கும் மேற்சொன்ன அளவுகோல் பொருந்தும். எதை அணிந்தாலும், ஓராண்டில் எறிவதற்காக ஒரு தோலைப் பதனிடுவது வீண். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பைப் படித்தவர்களுக்கு, அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பது தெரியும்.

எனவே என் கோரிக்கை எளியது. தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014, பொருள் விற்பவரை மட்டுமன்றித் தெருவில் சேவை வழங்குபவரையும் தன் வரையறைக்குள் கொண்டுள்ளது. பல்கலைக்கழகங்கள் அந்தச் சட்டத்தின் எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காப்பிக் கடைக்கு இடம் ஒதுக்கும் வளாகத்தில், செருப்புத் தைப்பவருக்கு நிழலும் மின்விளக்கும் உள்ள ஆறடி இடத்தை ஒதுக்குவது கடினமன்று. மாணவர் பேரவைகளும் ஆசிரியர் சங்கங்களும் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். அதுவரை, வாயிலில் அமர்ந்திருப்பவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாமல் கொடுப்போம். அவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.