கூத்தர்க்கு வழி சொல்வார் யார்?

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பது பழமொழி. இரவெல்லாம் ஆடியவன் விடியலை நோக்குகின்றான். பகலெல்லாம் உழைத்தவன் பொழுதுபடுவதை நோக்குகின்றான். இருவரும் உழைப்பாளிகளே என்பதைப் பழமொழி ஒப்புக்கொள்கின்றது. நாமோ ஒப்புக்கொள்வதற்கு இன்னும் தயங்குகின்றோம்.

கல்லூரிக் கலைவிழாவில் மாணவன் ஒருவன் வேடம் புனைந்து ஆடும்போது மண்டபம் அதிரக் கைதட்டுகின்றோம்; பரிசு வழங்குகின்றோம். அவனே மறுநாள் வந்து, ‘ஆட்டமும் பாட்டுமே என் வாழ்க்கை’ என்பானாயின் திடுக்கிடுகின்றோம். பெற்றோர் நம்மிடம் ஓடிவந்து, பிள்ளைக்குப் புத்தி சொல்லுமாறு வேண்டுகின்றனர். நாமும், ‘முதலிற் படி, பின்னர் பார்ப்போம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகின்றோம். மருத்துவனாக விரும்புவோனுக்கும் பொறியியலாளனாக விரும்புவோனுக்கும் வழி சொல்ல நூறு பேர் உளர். கலைஞனாக விரும்புவோனுக்கு வழி சொல்வார் யார்?

இவ்வினாவைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி விடையும் கண்டனர். பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும் கண்ட காட்சியையும் உண்ட உணவையும் பெற்ற வரிசையையும் எடுத்துரைத்து, ‘நீயும் ஆங்குச் செல்க’ என ஆற்றுப்படுத்துவதே அவற்றுட் பெரும்பாலனவற்றின் அமைப்பு. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. அது நன்னனது மலைநாட்டுக்குச் செல்லும் வழியின் இனிமையை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் இடம் எது, வழுக்கும் பாறை யாது, எவ்வூரார் விருந்தோம்புவர் என்பனவற்றையும் ஒளிக்காமற் சொல்கின்றது. அனுபவமுடைய கலைஞன் இளையவனுக்குக் கூறும் தொழில் அறிவுரைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு யாது?

பிற்காலத்தும் இம்மரபு அற்றுப்போகவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் தமது ‘நாடக மேடை நினைவுக’ளிலும், ஈழத்துக் கலையரசு சொர்ணலிங்கம் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற நூலிலும், ஔவை சண்முகம் 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’யிலும் உரைநடையிலேயே ஆற்றுப்படை பாடினர் எனலாம். பம்மலார் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். வழக்கறிஞராயும் பின்னர் நீதிபதியாயும் விளங்கிக்கொண்டே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். அச்சபையார் கடல் கடந்து கொழும்புக்கு வந்து நடித்தமை நம் நாட்டு இளைஞருக்கு ஊக்கமூட்டிற்று. சொர்ணலிங்கம் முதலியோரின் இலங்கை சுபோத விலாச சபை எழுந்தது. ஒரு குழுவின் பயணம் மற்றொரு குழுவின் பிறப்புக்கு வித்தாயிற்று. சண்முகமோ ஆறு வயதிலேயே, 1918இல், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிற் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றி வளர்ந்தவர். அவர் பெரும்புகழ் எய்தினார். எனினும் பள்ளிப் பருவத்தை நாடகக் கொட்டகைக்கு ஈந்து பெற்ற புகழ் அது. அவ்விலையை நம் பிள்ளைகள் கொடுத்தல் வேண்டும் என நாம் சொல்லமாட்டோம்.

இனி, நம் வாவிக்கரைக்கே வருவோம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வேளாண்மை வெட்டிச் சூடடித்து ஓய்ந்த நாட்களிற் கூத்துப் பழகுதல் வழக்கம். அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், மாதக்கணக்கில் ஆட்டம் பழகியபின் சதங்கை அணிவர், அடுக்குப் பார்ப்பர், அதன் பின்னரே அரங்கேற்றம். நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க, வட்டக்களரியில் விடியும்வரை ஆடிய இக்கலை, 1960களிற் பேராதனைக்குப் பயணம் செய்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். இராவணனாக ஆடியவர் நம் அமிர்தகழி தந்த சி. மௌனகுரு. நாற்புறமும் நோக்கி ஆடியோர் ஒருபுறமே நோக்கி ஆடக் கற்றனர். இராமுழுதும் விரிந்த கதை ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. பயணம் கலைக்குப் புதுவடிவம் தந்தது. ஆட்டத்தின் உயிரோ வந்தாறுமூலையிலிருந்து சென்றதே. பின்னர் மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூல் எழுதியும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராக இருந்து இளந்தலைமுறையைப் பயிற்றியும், தாம் பெற்றதை இம்மண்ணுக்கே மீட்டளித்தார்.

மாணவச் செல்வங்களே! இவர்தம் வாழ்விலிருந்து நாம் உங்களுக்குக் கூறக்கூடிய ஆற்றுப்படை மூன்று மொழிகளில் அடங்கும்.

முதலாவது, புறப்படுமுன் பழகுக. சதங்கை அணியாமல் அரங்கேற்றம் இல்லை. இன்று கைப்பேசியில் ஒரு நிமிட ஆட்டத்தைப் பதிந்து ஒரே இரவில் உலகைச் சுற்றிவிடலாம். அது பயணம் அன்று, பட்டம் பறத்தலே. நூல் அறுந்தால் எங்கு வீழும் என்பது யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, சோற்றுக்கு வழி தேடிக்கொள்க. பம்மலார்க்குச் சட்டம் துணைநின்றது. நம் அண்ணாவிமார் பலர்க்கு வயல் துணைநின்றது. இதனைக் கலைக்குச் செய்யும் துரோகம் என எண்ணற்க. பசித்தவன் பிறர் கேட்டதையெல்லாம் ஆடவேண்டிவரும். வயிறு நிறைந்தவனே ஆடத் தகாததை மறுக்க வல்லவன். நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பிற் பாடமாக உள்ளது. கல்லடியிலே விபுலாநந்த அடிகளார் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் உள்ளது. கலையையே கற்றுப் பட்டம் பெறும் வாய்ப்பு நம் வாசலில் இருக்கும்போது, கல்வியா கலையா என்று கலங்குதல் வேண்டா.

மூன்றாவது, செல்லும் ஊரைக் காண்க, திரும்பிவந்து சொல்க. கைதட்டை மட்டும் எண்ணி மீள்பவன் வெறுங்கையனாகவே மீள்கின்றான். அங்குள்ளோர் எவ்வாறு பாடுகின்றனர், எதற்கு நகைக்கின்றனர் என்பதைக் கண்டு வருபவனே பொருள் பெற்றவன். பன்றிப் பொறி இருந்த இடத்தையும் மறைக்காமற் சொல்க. பின்னால் வரும் தம்பிக்கு அது பயன்படும்.

பழைய மாணவ அன்பர்களுக்கும் ஒரு சொல். ஆற்றுப்படையின் பெருமை வழி சொன்ன கூத்தனோடு முடிவதில்லை. வழியின் முடிவிலே ஒரு நன்னன் இருந்தான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நீவிர் ஊர்க்கூத்தரை அழைத்து ஆடச்செய்கின்றீர், மகிழ்கின்றோம். மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்குவது போலவே, மத்தளம் அடித்தவனுக்கும் முன்னரே ஒரு தொகை பேசிக் கொடுத்தல் நன்று. பொன்னாடை தோளுக்கு அழகு. அடுப்பில் உலை வைக்க அது உதவாது. கலை சோறு போடாது என்று பிள்ளைகளை அச்சுறுத்தும் நாமே கலைஞனுக்குச் சோறு கொடுக்க மறந்திருத்தல் எவ்வாறு நியாயமாகும்?

வழி சொல்வோர் கூத்தரிடையே இன்றும் உளர். பரிசில் கொடுப்போர் நம்மிடையே பெருகுவாராக.