கௌதாரியைக் கொன்றது கண்ணியா?

மொனராகலை என்ற சிங்களப் பெயருக்கு மயில்மலை என்பது பொருள். பெயருக்கேற்ப அம்மாவட்டத்தின் சேனைகளிலும் வயலோரங்களிலும் இன்று மயில் பெருகியுள்ளது. விதைத்ததைக் கொத்தித் தின்னும் அதனைத் துரத்துவதே கமக்காரருக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஆனால், அதே ஊவா மண்ணுக்குரிய வண்ணக் கௌதாரியையும் புதர்க்காடையையும் காண்பதோ அரிது. ஒன்று பெருக மற்றவை அருகியது ஏன்? இவ்வினாவுக்கு ஆயத்தமாக ஒரு விடை உண்டு. தோட்டத்து லயத்தானும் சேனைக்காரனும் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றுவிட்டனர். வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டைக்குப் பருவம் இருந்தது, அனுமதிச்சீட்டு இருந்தது, பறவையும் இருந்தது என்பதே அது. நியாயம் போல ஒலிக்கும் இக்கூற்று வரலாற்றையும் அறியாது; பறவையையும் அறியாது.

வெள்ளையர் வேட்டையின் ஒழுங்கு எத்தகையது என்பதை ஊவாவே நன்கறியும். பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனப் பெயர் பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தபின், பதுளையில் அவர் நினைவாகத் தேவாலயம் ஒன்றும் எழுந்தது. சுடுவதற்கு விலங்கு குறைந்துவிட்டதென உணரப்பட்ட காலத்திலேயே, 1894இல், தோட்டத்துரைமாரும் அரச அதிகாரிகளும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். சங்கத்தின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. பாதுகாக்கப்பட வேண்டியது வேட்டை விலங்கு. அதாவது, நாளை சுடுவதற்கு மீந்திருக்க வேண்டியது. அச்சங்கம் பிற்காலத்தில் பெயரும் நோக்கும் மாறி, வனவிலங்குகளுக்காக உண்மையாகவே உழைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. இனப்பெருக்க காலத்தில் சுடலாகாது என்ற விதியும் நல்ல விதியே. ஆயினும் விதியொன்று இருந்தமையால் பறவை நிறைந்திருந்தது என்று முடிவு கட்டுவது, குடை பிடித்ததால் மழை பெய்தது என்பதற்கு ஒப்பாகும்.

அக்காலத்தில் பறவை நிறைந்திருந்ததற்குச் சான்று யாது? வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குறிப்புகளே. அவற்றில் எண்ணப்பட்டவை செத்த பறவைகள், உயிரோடிருந்தவை எண்ணப்படவில்லை. செத்ததை எண்ணி உள்ளதை மதிப்பிடுவது எத்துணைப் பிழையானது என்பதற்குக் காட்டுக்கோழியே சாட்சி. மலைக்காட்டில் நெலு என்னும் செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதைத்து, மடியும். அவ்விதையைத் தின்னச் சுற்றுப்புறத்துக் காட்டுக்கோழிகள் எல்லாம் அங்கே திரளும். தின்ற கோழி மயங்கித் தடுமாறும் என்றும் சொல்வர். அவ்வேளையில் துப்பாக்கியோடு செல்பவனுக்குக் காடெங்கும் கோழியாகவே தோன்றும். மற்றக் காடுகள் வெறிச்சோடிக் கிடப்பது தெரியாது. ஓரிடத்துத் திரளை நாட்டு வளமாகக் கணக்கிட்ட குறிப்பை வைத்துக்கொண்டுதான் இன்றைய ஏழையின் கண்ணிமீது வழக்குத் தொடுக்கப்படுகிறது.

வண்ணக் கௌதாரியின் கதை இன்னும் தெளிவானது. இலங்கையில் அது வாழும் இடம் மிகக் குறுகியது. ஊவாவின் பத்தனை எனப்படும் புல்மலைகளும், பிபிலை, நில்கலைப் பக்கத்தின் மரஞ்செறியாப் புல்வெளிகளுமே அதன் உலகம். நிலத்தில் கூடுகட்டும் அப்பறவைக்குப் புல்லே கூரை, புல்லே அரண். அப்புல்லுக்கு என்ன நேர்ந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கிற்று. கோப்பிக்காகக் காடு அழிந்தது. தேயிலைக்காகக் காட்டோடு பத்தனையும் அழிந்தது. பறவைக்குப் பருவம் வகுத்த அதே வர்க்கமே அதன் மனையைப் பிடுங்கியது. சுதந்திரத்தின் பின்னரும் பார்வை மாறியதா? மாறவில்லை. மரமில்லாத நிலம் பயனில்லாத நிலம் என்ற எண்ணத்தோடு, 1970களிலும் 1980களிலும் ஊவா மலைச்சரிவுகளில் பைனஸ் மரம் நடப்பட்டது. அதனைக் காடு வளர்ப்பு என்றனர். பைனஸின் உதிர்ந்த ஊசியிலைப் படுக்கையில் கௌதாரிக்கு இரையுமில்லை, மறைவுமில்லை. கீழே மொனராகலைத் தாழ்நிலத்திலோ, பெல்வத்தை, செவனகலைத் திட்டங்களின் பெயரால் பெருநிலப்பரப்புகள் கரும்பாயின. எஞ்சிய மானாப் புல்லிலும், கச்சான் வீசும் ஆடி, ஆவணி மாதங்களில், ஆண்டு தவறாமல் தீ வைக்கப்படுகிறது.

மயில் பெருகியமைக்குக் கதிர்காமத்து முருகனின் ஊர்தி என்ற பக்தியே காரணம் எனச் சிலர் வாதிடலாம். அப்பக்தி நூற்றாண்டுகள் பழையது. மயில் ஈரவலயம் வரை பரவியதோ அண்மைக் காலத்தில். பயிரும் பற்றையும் வெட்டவெளியும் கலந்த நிலம் மயிலுக்கு உவப்பானது, கௌதாரிக்கு ஒவ்வாதது. நிலம் மாறியவிதமே ஒன்றை வாழ்வித்து மற்றொன்றை வதைத்தது.

கண்ணி பறவையைக் கொல்வதில்லை என்று எவரும் சொல்லார். நூறு சோடி வாழ்ந்த மலையில் கண்ணி வைத்தால் பத்துப் போகும், மறு ஆண்டில் மீளும். பத்துச் சோடி ஒண்டியிருக்கும் துண்டு நிலத்தில் வைத்தால் ஒன்றும் மீளாது. ஆனால் மலையைத் துண்டாக்கியவன் லயத்தான் அல்லன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்டு, சாண் நிலமும் தனக்கென இல்லாது கொழுந்து பறித்தவனுக்குப் பத்தனையை அழிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? கம்பிச் சுருக்கோடு பிடிபடுபவன் நீதிமன்றத்தில் தண்டம் செலுத்துகிறான். புல்மலை முழுவதையும் தரிசெனக் குறித்த வரைபடத்துக்கோ தண்டமில்லை.

எனவே முதலில் வேண்டப்படுவது உயிரோடுள்ளவற்றின் கணக்கு. வண்ணக் கௌதாரியின் சேவல் இனப்பெருக்க காலத்தில் விடியலில் மேடேறிக் கூவும். நில்கலையிலும், பதுளைப் பக்கத்தில் எஞ்சியுள்ள பத்தனைகளிலும், குறித்த இடங்களில் நின்று ஆண்டுதோறும் அக்கூவலை எண்ணுவதற்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. ஒரு கைக்கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும். அவ்வெண்ணிக்கை கையில் வரும்வரை, அந்தப் புல்வெளிகளில் ஒரு மரக்கன்றுகூட நடப்படலாகாது.