லினக்ஸ் சர்வரில் காவல் யாருக்காக?

லினக்ஸுக்கு உத்தமமான வைரஸ் தடுப்பு நிரல் எது என்னும் வினா, ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் கணினிப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட அன்பர்களிடமிருந்து நமக்கு வந்த வண்ணமாயிருக்கிறது. அதற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய வினாவோ, அந்த நிரல் யாரைக் காக்கப் போகிறது என்பது, பெரும்பாலும் கேட்கப்படாமலே நின்றுவிடுகிறது.

2004-ஆம் ஆண்டில் மலேசிய அரசின் நிர்வாக நவீனமயப் பிரிவான மாம்பு பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் திட்டத்தை வெளியிட்ட காலந்தொட்டே லினக்ஸ் இந்நாட்டில் அந்நிய வஸ்துவாக இல்லை. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் உருமாறிய சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கங்களில், சிறு கடைகளிலும் சங்க அலுவலகங்களிலும் மூலையில் ஒரு பழைய யந்திரத்தை நிறுத்தி, அதில் சாம்பாவை ஓடவிட்டு, முன்மேசை விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பங்கிடச் செய்வது நம்மவர் நன்கறிந்த ஏற்பாடு. பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் அங்கு வந்து சேரும் விஷ நிரல்களில் பெரும்பாலானவை விண்டோஸைக் குறிவைத்து எழுதப்பட்டவையாதலால், சர்வர் தான் நோயுறாமலே நோயைச் சுமந்து பரப்பும் ஸ்தானத்தில் இருக்கிறது. இத்தகைய இடத்தில், இப்போது சிஸ்கோவின் பராமரிப்பிலுள்ள இலவச நிரலான கிளாம்ஏவியே போதுமென்பது நமது அபிப்பிராயம். 2018-இல் வெளியான சாம்பா 4.8 முதல், கோப்பு திறக்கப்படும் தருணத்திலேயே அதனைக் கிளாம்ஏவியிடம் காட்டி அனுமதி பெறும் வசதியும் கூடவே வருகிறது.

சர்வரையே காப்பது வேறு விஷயம். 2017 ஜூன் மாதத்தில் தென்கொரியாவின் நயானா என்னும் இணையத்தள நிறுவனம், எரிபஸ் என்ற பணயநிரலுக்கு 153 லினக்ஸ் சர்வர்களைப் பறிகொடுத்து, ஏறக்குறைய பத்து லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து மீட்க உடன்பட்டதை நினைவுகூர்வோம். அங்கு ஓடிக்கொண்டிருந்த கெர்னல் 2008-இல் தொகுக்கப்பட்டது. அப்பாச்சியும் பிஎச்பியும் 2006-ஆம் ஆண்டின் பதிப்புகள். பதினோரு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் எந்தக் காவலனை நிறுத்தினால்தான் என்ன பிரயோஜனம்? வாடிக்கையாளர் தடுப்பு நிரலின் ஆண்டுச் சந்தாவுக்கு ஒதுக்கும் தொகையை முதலில் காப்புப்பிரதிக்கான இரண்டாவது வன்தட்டுக்கும், மாதந்தோறும் புதுப்பிப்புகளைப் பார்க்கும் உங்கள் கூலிக்கும் செலவிடச் சொல்லுங்கள். (இப்படிச் சொல்லும் விற்பனையாளரை நாம் இன்னும் சந்திக்கவில்லை!)

கிளாம்ஏவியைத் தேர்ந்தபின் கவனிக்கவேண்டியவை சில உண்டு. அதன் கிளாம்டி சேவை, வைரஸ் அடையாளத் தொகுப்பை முழுமையாக நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதால், ஒரு ஜிபிக்கு மேல் அதற்கே போய்விடும். இரண்டு ஜிபி ராம் உள்ள பழைய யந்திரத்தில் அதனை எந்நேரமும் ஓடவிடுவதைவிட, நள்ளிரவில் ஒருமுறை தேடச்செய்வதே விவேகம். ஆதரவுக்காலம் முடிந்த பதிப்புகளுக்குப் புதிய அடையாளங்கள் மறுக்கப்படுகின்றன. ஆகவே, ஐந்தாண்டுகளுக்கு முன் நிறுவி மறந்துபோன நிரல், பார்வைக்கு உயிரோடிருந்தும் புதிய விஷங்களை அறியாததாய் நிற்கக்கூடும். உடனடிக் கண்காணிப்பை இயக்கினாலும், தடுக்கும் அமைப்பைத் தனியே திறக்காதவரை அது கண்டதைப் பதிவேட்டில் எழுதுவதோடு திருப்தியடைந்துவிடும். அளவு வரம்பை மீறிய கோப்புகளை, வேறு அமைப்பைச் செய்யாவிடில், பழுதற்றவை என்றே அறிவித்து அனுப்பிவிடும். கணக்கர் அலுவலகங்களின் பெரிய காப்புக் கோப்புகள் விஷயத்தில் இது அற்பமன்று.

காசு கொடுத்து வாங்கும் நிரல்கள் வேண்டாமென்பதில்லை. பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து கண்காணிக்கவேண்டிய ஸ்தாபனங்களுக்கு அவை உதவும். ஆனால், உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் கெர்னல் பதிப்பை அந்நிறுவனம் ஆதரிக்கிறதா, கெர்னல் புதுப்பித்த மறுநாளும் ஆதரிக்குமா என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

எதை நிறுவினாலும், ஒப்படைக்கும் முன் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற எய்க்கார் சோதனைக் கோப்பை, தடுப்பு நிரல் தற்காலிகமாக நிறுத்தப்பட்ட ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து பகிர்வுக் கோப்புறையில் இட்டு, பிறகு (நள்ளிரவுத் தேடல் மட்டுமெனில், அது முடிந்தபின்) அதனைத் திறந்து பாருங்கள். திறந்துகொண்டால், கட்டணச் சீட்டை அன்று எழுதவேண்டாம்.