முகம் பூரி மாதிரி ஆயிடுச்சா?

கண்ணு மஞ்சள், எந்நேரமும் அசதி. உடனே 'தண்ணியடிச்சியா?'ன்னு ஹாஸ்டலே விசாரணை கமிஷன் வைக்கும். அம்மா கீழாநெல்லியோடு வந்து நிற்பார். ஆனால் ஒரு சொட்டுகூடத் தொடாதவர்களின் கல்லீரலையும், சொந்த உடம்பின் எதிர்ப்பு சக்தியே எதிரின்னு நினைச்சுத் தாக்கலாம். பெயர், ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். பெண்களுக்குத்தான் அதிகம். 1950-ல் ஸ்வீடன் டாக்டர் வால்டன்ஸ்ட்ராம் விவரித்ததும் இளம்பெண்களைத்தான். தொற்றாது. ஸோ, ரூம்மேட்டோட தட்டு, டம்ளரைத் தனியா வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், ப்ளீஸ்!

ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி செய்து உறுதிப்படுத்துவார்கள். பிறகு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பெரும்பாலும் கூடவே அசதயோப்ரின். நிறைய பேருக்கு நன்றாகவே கேட்கும்.

சிக்கலே அப்புறம்தான். ஸ்டீராய்டால் முகம் உப்பும், பரு வரும், பசி பிய்க்கும். கல்ச்சுரல்ஸ் நேரத்தில் கண்ணாடி பார்த்தால் அழுகை வரும்தான். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. நோய் திரும்பலாம், ஸ்டீராய்டைத் திடீர்னு விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகவும் முடியலாம். டாக்டர் டோஸைக் குறைக்கக் குறைக்க முகம் பழையபடி ஆயிடும். ரிப்போர்ட் நார்மல் ஆனபிறகும் பொதுவாக ரெண்டு வருஷமாவது மருந்து தொடரும். பலருக்கு அதுக்கு மேலேயும். அம்மாவோட கீழாநெல்லியைக் குடிச்சிருந்தா, அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.