எழுத்தாளர் பேரைச் சொல்லி ஒரு வசூல்

பதிப்புரிமைன்னு பேச்சை எடுத்தாலே ஒரு கூட்டம் சாமியாட ஆரம்பிச்சிடுது. "படைப்பாளி வயித்துல அடிக்காதீங்க, இது அவனோட பிறப்புரிமை, பாட்டன் பூட்டன் நிலம் மாதிரி" அப்படின்னு ஒரே ஜல்லி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த உரிமை எந்த வீட்டுல பொறந்துச்சு, தொட்டில் ஆட்டினது யாருன்னு போய்ப் பார்த்தா கதையே வேற.

(திருட்டு பிடிஎஃப்புக்கு நான் வக்காலத்து வாங்கலை. அடிக்க வர்றவங்க அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க, அதான் முதல்லயே சொல்லிட்டேன்.)

1469-ல் வெனிஸ் அரசு, ஸ்பையர் நகரத்து யோஹான் என்ற ஜெர்மன் அச்சுக்காரருக்கு ஒரு சலுகை கொடுத்தது. ஐந்து வருஷத்துக்கு வெனிஸில் அவர் மட்டும்தான் அச்சடிக்கலாம். ஏதோ ஒரு புத்தகத்தை இல்லீங்க, எல்லாத்தையும்! நல்லவேளை, அடுத்த வருஷமே மனுஷன் போய்ச் சேர்ந்தார், சலுகையும் அவரோடவே போச்சு. அதுக்கப்புறம்தான் அங்கே அச்சகங்கள் மளமளன்னு முளைச்சுது. 1486-ல் சபெல்லிகோ என்ற வரலாற்றாசிரியருக்கு, அவர் எழுதின வெனிஸ் வரலாற்றுக்காக ஒரு சலுகை கிடைச்சது உண்மைதான். ஊரைப் புகழ்ந்து எழுதினதுக்கு ஊர் கொடுத்த வெகுமதி அது. உரிமை எங்க வந்துச்சு இதுல?

இங்கிலாந்து இன்னும் மோசம். 1557-ல் மேரி ராணி, லண்டன் புத்தகக்காரர்கள் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். ராணிக்குத் தன் மதத்துக்கு எதிரான புத்தகம் வரக்கூடாது, கம்பெனிக்குப் போட்டி வரக்கூடாது. பேரம் படிஞ்சது. சில தனிச் சலுகைகள் தவிர, சங்க உறுப்பினர் மட்டும்தான் அச்சடிக்கலாம். கள்ளப் புத்தகம் இருக்கான்னு கடை கடையா சோதனை போட்டுப் பறிமுதல் பண்ற அதிகாரமும் அவங்களுக்கே. சங்கப் பதிவேட்டுல ஒரு புத்தகத்தை யார் பேர்ல எழுதறாங்களோ அவருக்குத்தான் அந்தப் 'பிரதி' சொந்தம். 'காப்பிரைட்' என்ற சொல்லே இந்தப் பிரதியிலிருந்து வந்ததுதான். எழுதினவன்? கைப்பிரதியைக் கொடுத்துட்டு கைக்காசை வாங்கிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

1695-ல் உரிமச் சட்டம் காலாவதியாச்சு, நாடாளுமன்றம் நீட்டிக்க மறுத்துட்டுது. புத்தகக்காரங்க மறுபடி மறுபடி மனு போட்டாங்க. தணிக்கை வேணும்னு கேட்டா எடுபடலை. அப்போதான் திடீர்னு எழுத்தாளர் மேல பாசம் பொத்துக்கிட்டு வந்தது. 1710-ல் வந்த ஆன் ராணி சட்டத்தோட முன்னுரையைப் பாருங்க, அனுமதியில்லாம அச்சடிக்கிறதால எழுத்தாளர்களும் அவங்க குடும்பமும் நாசமாகிறாங்களாம். புதுப் புத்தகத்துக்கு 14 வருஷம், ஆசிரியர் உயிரோட இருந்தா இன்னொரு 14. பழைய புத்தகங்களுக்கு 21 வருஷம், அதாவது 1731-ல் முடியணும்.

முடிஞ்சுதா? இங்கதான் மில்டன் வர்றார்.

'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை 1667-ல் சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சுக்காரருக்கு மில்டன் விற்ற விலை முதல்ல 5 பவுண்டு. முதல் பதிப்புல 1300 பிரதி வித்ததும் இன்னொரு 5. அவர் செத்ததும் மனைவி மிச்ச உரிமை எல்லாத்தையும் 8 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துட்டார். ஆக மொத்தம் 18 பவுண்டு. கைமாறிக் கைமாறி அது ஜேக்கப் டான்சன் என்ற பதிப்பாளர் கைக்கு வந்தது. அந்தப் புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே ஓவியம் வரைஞ்சுக்கிட்டார் மனுஷன், அவ்வளவு லாபம். 21 வருஷக் கெடு முடிஞ்சும் டான்சன் குடும்பம் விடலை. 1739-ல் வாக்கர் என்பவர் அதை அச்சடிச்சப்போ, 72 வருஷப் பழைய அந்த விற்பனைப் பத்திரத்தைக் காட்டி கோர்ட்ல தடை வாங்கினாங்க.

அதே சமயம் மில்டனோட பேத்தி எலிசபெத் ஃபாஸ்டர் லண்டன்ல வறுமையில இருந்தாங்க. 1750-ல் அவங்களுக்கு உதவ ட்ரூரி லேன் அரங்கத்துல மில்டனோட நாடகத்தைப் போட்டு நிதி திரட்டினாங்க. டான்சன் வாரிசு 20 பவுண்டு தர்மம் பண்ணினார். அந்தக் காவியத்துக்காக மில்டன் குடும்பத்துக்கு உரிமையா கிடைச்சது 18, பிச்சையா கிடைச்சது 20! படைப்பாளி வயிறு, குடும்பம்னு உருகறவங்க இந்தக் கணக்குக்கு என்ன பதில் வச்சிருக்காங்க?

கடைசியில ஆப்பு வச்சது எடின்பரோ புத்தகக்காரர் அலெக்சாண்டர் டொனால்ட்சன். 1748-லயே செத்துப்போன ஜேம்ஸ் தாம்சனோட கவிதையை மலிவு விலையில போட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. 1774 பிப்ரவரி 22, 22-க்கு 11 ஓட்டு, நிரந்தர உரிமை கிடையாதுன்னு தீர்ப்பு. எடின்பரோவுல சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினாங்களாம். கொஞ்ச வருஷத்துலயே ஜான் பெல் ஆங்கிலக் கவிஞர்களை 109 குட்டித் தொகுதியா கொண்டு வந்தார்.

சரி, அது பழங்கதைங்கறீங்களா? நம்ம 1957 சட்டத்துல ஆசிரியர் இறந்து 50 வருஷம்னு இருந்தது. 1941-ல் இறந்த தாகூரோட உரிமை விஸ்வபாரதி கையை விட்டுப் போகப்போகுதுன்னதும், 1992-ல் எல்லாருக்குமே 60 ஆக்கிட்டாங்க. அந்தப் பத்து வருஷத்தைக் காட்டி தாகூரை இன்னொரு கவிதை எழுதச் சொல்லி ஊக்குவிக்க முடியுமா என்ன? நான் ஆபீஸ்ல தட்டற நிரலும் இதே சட்டப்படி இலக்கியப் படைப்புதான். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் உரிமை கம்பெனிக்கு. எனக்குச் சம்பளம் வருது, புகார் இல்லை. ஆனா நாளைக்கு அந்த உரிமையை நீட்டிக்கணும்னா என் குடும்பத்தை இழுக்காதீங்க.

கொசுறு: வெனிஸ்ல சலுகை வச்சிருந்த ஆல்டஸ் மனூசியஸ், தன் புத்தகங்களை லியோன் நகரத்துல கள்ளப்பதிப்பு போடறாங்கன்னு கடுப்பாகி 1503-ல் ஓர் எச்சரிக்கை அச்சடிச்சார். போலியைக் கண்டுபிடிக்க வசதியா, அதுல இருக்கற பிழைகளையும் பட்டியல் போட்டார். லியோன்காரங்க அந்தப் பட்டியலை வச்சே பிழை திருத்தி மறுபடி அச்சடிச்சுட்டாங்க :-)