கேள்வி கேட்க வெட்கம் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், இண்டர்நெட் மூலம் ஏதாவது ஒரு கோர்ஸ் படிக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களையே இலவசமாகப் படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம்.

ஸ்வயம் பாடங்களுக்கு நான்கு பகுதிகள் உண்டு: வீடியோ, பாடக் குறிப்புகள், பயிற்சிக் கேள்விகள், கலந்துரையாடல். முதல் மூன்றையும் விடாமல் படிப்பவர்கள்கூட நான்காவதை எட்டிப் பார்ப்பதில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 சதவீதம், தேர்வுக்கு 75 சதவீதம் மார்க். கேள்வி கேட்பதற்கு மார்க் இல்லை. பிறகு ஏன் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். புரோகிராமிங் கோர்ஸ் ஒன்றில் 'ரிகர்ஷன்' பாடம் வந்தது. ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பதுதான் ரிகர்ஷன். 1, 2, 3 என்று வர வேண்டிய எண்கள் எனக்கு மட்டும் தலைகீழாக வந்தன. கேள்வியை ஆங்கிலத்தில் டைப் செய்வேன். தப்பாக இருந்தால் சிரிப்பார்களே என்று அழித்துவிடுவேன். கோர்ஸையே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கடைசியில் துணிந்து அனுப்பினேன். யாரும் சிரிக்கவில்லை. "எனக்கும் இதே சந்தேகம்" என்று நாலைந்து பேர் எழுதினார்கள். மறுநாள் விளக்கம் வந்தது. பிரிண்ட் வரியை ஓர் இடம் மேலே தள்ளினால் போதும்!

அப்படியானால் கேள்விக்கும் மார்க் கொடுத்துவிடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. மார்க்குக்காக எழுதினால் "அருமையான பாடம், நன்றி சார்" என்றுதான் பக்கம் நிரம்பும். ஆசிரியர் பதில் தருகிறார் என்று தெரிந்தாலே கேள்விகள் தானாக வரும். இதில் ஆசிரியருக்கும் லாபம் உண்டு. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டால், பாடத்தில் எந்த இடம் புரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வகுப்பறையில் தலையாட்டும் முன் பெஞ்ச் அதைச் சொல்லாது.

நீங்கள் கேட்கும்போது எந்த வாரம், எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிடுங்கள். என்ன முயன்றீர்கள், என்ன எர்ரர் செய்தி வந்தது என்பதையும் எழுதுங்கள். கெடு முடியும் முன் அசைன்மென்ட் விடையை மட்டும் கேட்காதீர்கள், போடாதீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். வெட்கப்பட்டுக் கோர்ஸை விடுவதைவிட அது மேல்!